நாற்பது சர்வர்களும் ஒரு சுட்டுவிரலும்

அன்று களத்தில் இருந்தோர்: தரை முதல் தலைக்கு மேல் ஒரு முழம் வரை எழும்பிய நான்கு இரும்பு அடுக்குகளில், அடுக்குக்குப் பத்தாக, இன்னும் அறிவூட்டப்படாத நாற்பது சர்வர்கள். நான்காம் அடுக்கின் அடித்தட்டில், இந்தப் போரில் யாதொரு பங்கும் இல்லாத, அலுவலகத்தார் அனைவரின் வருகையையும் பதிந்துவைக்கும் பழைய இயந்திரம் ஒன்று. கூரையில் ஓயாது இரையும் குளிரூட்டிகள் இரண்டு, ஒன்று சொட்டியது, அதன்கீழ் ஒரு வாளி. சக்கர மேசை ஒன்று, அதன்மேல் ஒரு திரையும் ஒரு விசைப்பலகையும். மேசையின் நான்கு சக்கரங்களில் ஒன்று மற்ற மூன்றோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. கைப்பிடி ஒன்றை இழந்த நாற்காலி. மனிதர் மூவர்: ஸ்கிரிப்ட் எழுதுகிறவன், கையால் செய்கிறவர், கையெழுத்துப் போடுகிறவர்.

முதலில் நாயகனை வாழ்த்துவோம்.

ஒரு வேலையை இரண்டாம் முறை செய்வதைப் பிறவிப்பகையாகக் கொண்டவனே, வாழ்க! மூன்று நிமிட வேலையைத் தவிர்க்க மூன்று வாரம் உழைத்த பெருந்தவத்தோனே, வாழ்க! கறுப்புத்திரையில் வெள்ளெழுத்து விதைத்து வளர்க்கும் உழவனே, அரைப்புள்ளி ஒன்று தவறியதால் மூன்று நாள் சோறு இறங்காது கிடந்தவனே, உடன் வேலை பார்ப்போர் ஒருமனதாகக் கூடிச் 'சோம்பேறி' என்ற விருதுப்பெயரைச் சூட்டியபோது மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டவனே, அந்த மறுப்பைத் தட்டச்சு செய்யவும் சோம்பல்பட்டவனே, நீ வாழ்க, நின் முதுகுவலியும் வாழ்க!

இனி போரின் காரணம் உரைப்போம். மண்ணுக்கோ பொன்னுக்கோ மங்கைக்கோ மூண்ட போர் அன்று இது. பத்து நாள் விடுப்புக்கு மூண்டது.

மூன்றாண்டுகளாகச் சோம்பேறி விடுப்பு எடுத்ததில்லை. இருமுறை கேட்டான். முதல்முறை, விடுப்புக்கு முந்தின நாள் மின்சாரம் போனது. போனது மின்சாரம் மட்டுமல்ல. இரண்டாம்முறை தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். இருமுறையும் அவன் மனைவி பெட்டி கட்டினாள். இருமுறையும் அவளே பெட்டியைப் பிரித்து, மடித்ததை உதறி, அலமாரியில் திரும்ப அடுக்கினாள். மூன்றாம்முறை அவள் சத்தம் போடவில்லை. சாதாரணக் குரலில் ஒன்றைச் சொன்னாள்: இன்றிரவு வண்டியில் அவளும் மகளும் ஏறுவார்கள், அவன் வந்தால் மூவர், வராவிட்டால் இருவர், இனிமேல் எந்தப் பயணத்துக்கும் அவனைக் கணக்கில் சேர்த்துச் சீட்டு எடுக்கப்போவதில்லை. சத்தம் போட்டிருந்தால் சோம்பேறிக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

விடுப்பு விண்ணப்பம் மேலாளரிடம் இருந்தது. ஒரு கையில் விண்ணப்பம், மறுகையில் மூடி கழற்றாத பேனா என்று சர்வர் அறையின் வாசலில் வந்து நின்ற அந்த அம்மையார், குளிருக்குத் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, மூவுலகும் கேட்கும்படி அன்று, குளிரூட்டியின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்படி ஆணையிட்டார்:

"நாப்பதும் அஞ்சு மணிக்குள்ள பச்சை காட்டணும். காட்டுச்சுன்னா கையெழுத்து. முப்பத்தொம்பது காட்டுச்சுன்னா கிடையாது. நாளைக்குக் காலைல நீங்களும் அவரும் உக்காந்து ஒண்ணொண்ணா கையால போடுவீங்க."

'அவர்' என்று சுட்டப்பட்டவர் கைக்காரர். சோம்பேறிக்கு வயதில் ஆறாண்டு மூத்தவர். இவ்வலுவலகத்தின் சர்வர்கள் அத்தனையும் அவருடைய பத்து விரல் பட்டுக் கண்திறந்தவை. கட்டளைகளை வரிசையாகத் தொகுத்துக் கணினியையே செய்யவைக்கும் ஸ்கிரிப்ட் என்ற சொல்லைக் கேட்டாலே பல்லிடுக்கில் ஏதோ சிக்கியவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு சர்வருக்கு முக்கால் மணி நேரம். நாற்பதுக்கு முப்பது மணி நேரம். அதாவது, தேநீர் இடைவேளைகளையும் அவருடைய பெருமூச்சுகளையும் சேர்த்தால், நான்கு வேலைநாள். இந்தக் கணக்கில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. நான்கு நாள் வேலை உள்ளவனை யாரும் தேவையற்றவன் என்று சொல்ல முடியாது.

அந்த வேலைதான் என்ன? அறியாதோர் அறிக. சர்வர் ஒவ்வொன்றின் மார்பிலும் எட்டு வட்டுகள் உண்டு. லினக்ஸ் என்னும் இயங்குதள அரசன் உள்ளே எழுந்தருளுமுன் அந்த எட்டு வீரர்களையும் அணிவகுத்து நிறுத்தியாக வேண்டும். முதலிருவர் இரட்டையர், ஒருவன் ஏட்டில் எழுதுவதை மற்றவனும் அப்படியே எழுதுவான், ஒருவன் மாண்டால் மற்றவன் பேசுவான், அரசனின் இருக்கை அவர்கள்மேல். மீதி அறுவர் கைகோத்து நிற்கும் வியூகத்தில், எவனாவது ஒருவன் மாண்டாலும் மற்ற ஐவரின் நினைவிலிருந்து அவன் சுமந்ததை மீட்டெடுக்கலாம். இவ்வணிவகுப்பை நடத்தும் தளபதி, உள்ளங்கை அகலமுள்ள ஒரு கட்டுப்பாட்டு அட்டை. தளபதியிடம் 'இவர்களை இரட்டையாக்கு, இவர்களை அறுவராக்கு' என்று சொல்லும் வேலையைத்தான் கைக்காரர் சர்வர் சர்வராக உட்கார்ந்து கையால் செய்துகொண்டிருந்தார். அதைத்தான் நாற்பது சர்வருக்கும் ஒரே நேரத்தில், ஒரே கோப்பால் செய்துமுடிக்கச் சோம்பேறி துணிந்தான்.

அக்கோப்பு பிறந்த வரலாறு சிறிது. முந்தைய மூன்று வாரமும் சோம்பேறி கைக்காரரின் இடப்புறம் நாற்காலி போட்டு அமர்ந்து, அவர் ஆக்கிய சர்வர்கள் ஏழின்போதும் அவர் செய்த ஒவ்வொரு செயலையும் கோடுபோட்ட நோட்டில் எழுதினான். அவர் தட்டிய கட்டளையை எழுதினான். தட்டிய வரிசையை எழுதினான். 'இங்கே இருமுகிறார்' என்றுகூட ஓரிடத்தில் எழுதினான், அந்த இருமலுக்கும் அணிவகுப்புக்கும் தொடர்பு உண்டா என்று பின்னர் ஆராய்வதற்காக. பிறகு இருமலை நீக்கி, எஞ்சியதைத் தொகுத்து நூற்றெண்பது வரியில் ஸ்கிரிப்டாக வார்த்தெடுத்து, பெட்டி பிரிக்காத புத்தம்புது வட்டுகள்மேல் ஒன்பது முறை ஓட்டிப் பார்த்தான். ஒன்பது முறையும் வென்றது. ஒன்பதாம் முறை அவன் ஸ்கிரிப்ட்டைப் பார்க்கவே இல்லை; பக்கத்து அறையில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்; பச்சை எரிந்தது.

ஆகவே அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்கு, கழற்றிய காலணியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, கைப்பிடி ஒன்றுள்ள அரியணையிலிருந்து எழுந்து நின்று, அவன் வஞ்சினம் கூறினான்:

"இன்னிக்கு இந்த ரூம்ல யாரும் எந்தக் கீயையும் தொட வேண்டாம். ஒரு விரல் படாம நாப்பதும் எந்திரிக்கும்."

"படாமலா?" என்றார் கைக்காரர்.

"படாம."

"எங்க வீட்டு மிக்ஸியே நான் தொடாம எந்திரிக்காதுடா."

இவ்வாறு முரசு முழங்கியது.

சோம்பேறி ஏவினான். நாற்பது சர்வர்களும் நாற்பது சிறுகடல்போல் மூச்சிரைத்து எழுந்தன. எண்பது மின்விசிறிகள் ஒருசேர ஊளையிட்டன. வாளியில் விழுந்துகொண்டிருந்த சொட்டின் ஓசை மறைந்தது. நெற்றிதோறும் மஞ்சள் விளக்கு துடிக்கத் தொடங்க, நான்கு அடுக்கும் நடுப்பகலிலே தீப்பந்தம் ஏந்திய சேனைபோல் நின்றன. வலைக்கம்பி வழியே 'நான் யார்? எனக்கு என்ன வேலை?' என்று ஒவ்வொன்றும் கேட்க, 'நீ சர்வர், இந்தா ஸ்கிரிப்ட்' என்று, ஸ்கிரிப்ட்டைக் காத்துவைத்திருந்த ஏவல்மனைக் கணினி விடையளித்தது. ஞானிகள் ஆயுள் முழுதும் தேடும் விடை அவற்றுக்கு நான்கு நொடியில் கிடைத்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கைக்காரர், ஒன்றும் நடக்காததுபோல், நகத்தைப் பார்த்தார்.

இரண்டு மணி பத்து நிமிடம். முதல் விளக்கு பச்சையாயிற்று. பின் மூன்று, பின் எட்டு, பின் கணக்கெடுக்க முடியாத வேகத்தில், காய்ந்த நிலத்தில் மழைக்கு மறுநாள் புல் தலைகாட்டுவதுபோல் பச்சை பரவி, பதினேழாகி, இருபத்து மூன்றாகி, இருபத்தெட்டாகி, நின்றது.

நின்றது நின்றதுதான்.

இருபத்தொன்பதாம் சர்வர் முதல் நாற்பதாம் சர்வர் வரை பன்னிரண்டும் மஞ்சளாகவே துடித்தன. அழவும் இல்லை, பிழை சொல்லவும் இல்லை. நாயகன் காத்திருந்தான். வட்டுகள் மெதுவாக இருக்கலாம் என்று தன்னிடமே சொன்னான். வெப்பமாக இருக்கலாம் என்று சொன்னான். சொல்ல வேறொன்றும் கிடைக்காமல் இரண்டே முக்கால் மணி ஆயிற்று. அப்போது அவன் சட்டைப்பையில் போன் நடுங்கிற்று.

"என்னங்க, பெட்டி கட்டிட்டு இருக்கேன். உங்க சட்டையை வைக்கவா, வேணாமா?"

"வையி. வையி. இருபத்தெட்டு முடிஞ்சிருச்சு."

"எத்தனைல?"

சோம்பேறி குளிரூட்டியை நிமிர்ந்து பார்த்தான். "இங்க ஒரே இரைச்சல், சரியாக் கேக்கல."

"எனக்கு நல்லாக் கேக்குது," என்றாள். "மேலாப்புல வைக்கறேன். எடுக்க வசதியா இருக்கும்."

அந்தச் சொல், கூர்வாய் அம்பு தைத்ததுபோல் தைத்தது. அவன் சக்கர மேசையை நோக்கிப் பாய்ந்தான். பேச்சுவார்த்தை இல்லாத அச்சக்கரம் வடக்கே போவேன் என்று அடம்பிடிக்க, தள்ளியும் இழுத்தும் இடுப்பால் முட்டியும் உதைத்தும் வைதும், மூன்றாம் அடுக்கின் கடைசிக்கு அம்மேசையைக் கொண்டுசேர்த்து, மௌனமாயிருந்த முப்பதாம் சர்வரின் முதுகில் திரையின் கம்பியைச் சொருகினான்.

திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. அதன் கடைசியில் ஒரு சிறு கட்டம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அவ்வரியின் பொருள் இது: இந்த வட்டில் பழைய அணி ஒன்று இருக்கிறது, அழித்துவிடவா, நிச்சயமா, ஆம் எனில் 'ஒய்', இல்லை எனில் 'என்'.

கேளுங்கள் இதன் பின்னணியை. இருபத்தெட்டு சர்வர்களின் வட்டுகள் புதியவை, யாருக்கும் ஊழியம் செய்யாதவை, சொன்னபடி அணிவகுத்தன. பன்னிரண்டு சர்வர்களின் வட்டுகளோ, ஓய்வுகொடுத்த பழைய சர்வர்களிலிருந்து உருவி மாட்டப்பட்டவை. பழைய மன்னனின் உப்பைத் தின்ற அவ்வீரர்கள் பழைய வியூகத்தை மறவாமல் நெஞ்சில் பொறித்து வைத்திருந்தார்கள். புதிய தளபதி அதைக் கண்டதும், 'இவர்கள் வேறொருவரின் படையாயிற்றே' என்று ஒழுக்கத்தோடு அனுமதி கேட்டான். அனுமதி தர அங்கே ஒருவரும் இல்லை. ஒரு விரலும் படக்கூடாது என்பதல்லவா வஞ்சினம்? ஆகவே பன்னிரண்டு தளபதிகளும், ஒரேயோர் எழுத்துக்காக, முக்கால் மணி நேரமாய் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

சோம்பேறி வஞ்சினத்தை வாயோடு விழுங்கிவிட்டு 'ஒய்' என்ற விசையை அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினான். குத்தினான். தளபதி கேட்டது ஸ்கிரிப்ட்டிடம், விசைப்பலகையிடம் அன்று. ஸ்கிரிப்ட்டுக்கோ இப்படி ஒரு கேள்வி வரும் என்றே யாரும் சொல்லவில்லை.

"அண்ணே," என்றான் நாயகன், குரல் பாதியாக, "இந்தக் கேள்வி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எந்தக் கேள்வி?"

"நிச்சயமான்னு கேக்குதே."

கைக்காரர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். போட்டுப் பார்த்தார். "என்கிட்ட இது கேட்டதே இல்லையே."

"அந்த ஏழு சர்வர்ல மூணு பழைய வட்டு அண்ணே. கேட்டிருக்கணும்."

"ஆறு வருஷமா போடறேன். கேட்டதே இல்ல. என்னைப் பார்த்தா அதுக்கு மரியாதை."

மேலாளர் பேனாவால் தம் கன்னத்தைத் தட்டினார். "ஒண்ணைப் போட்டுக் காட்டுங்க," என்றார்.

அவ்வாறே முப்பதாம் சர்வர் அணைத்து எழுப்பப்பட்டது. அது கண்விழித்து, தன் நினைவகம் முழுவதையும் தடவிப் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிரசவ வார்டின் வெளியே நிற்கிறவர்களைப்போல. பிறகு கைக்காரர் அமர்ந்தார். தோளைக் குலுக்கினார். அவருடைய பத்து விரலும் விசைமேல் இறங்கிய காட்சியை எவ்வாறு உரைப்பது! பத்து வாத்தியக்காரர்கள் ஒரே மேளத்தை அடித்ததுபோல், பத்துப் பருந்துகள் ஒரே வயலில் இறங்கியதுபோல், கண்ணுக்குப் புலப்படா விரைவில் கட்டளைகள் கொட்டின. கொட்டிக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே இருமினார்.

"பாரு. முதல்ல பழசைக் கலைக்கறேன். கலைச்சாச்சா? இப்ப ரெண்டைச் சேக்கறேன்."

"நில்லுங்கண்ணே. இப்ப என்ன அமுக்குனீங்க?"

"ஒண்ணும் அமுக்கலையே."

"இப்ப, கலைச்சாச்சான்னு சொல்லும்போது."

"எப்ப?"

"அண்ணே, வலது கை. சுட்டுவிரல்."

கைக்காரர் தம் வலது சுட்டுவிரலைத் தூக்கி, வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தார். "இதுவா?"

மறுபடி செய்யச் சொன்னார்கள். இம்முறை சோம்பேறி திரையைப் பார்க்கவில்லை. முழந்தாளிட்டு, மூக்கு விசைப்பலகையில் இடிக்கும் தூரத்தில் முகத்தை வைத்து, அவ்விரலை மட்டுமே பார்த்தான். மேலாளரும் துப்பட்டாவைக் காதிலிருந்து அவிழ்த்துவிட்டுக் குனிந்தார். அப்போது கண்டார்கள் அந்த அற்புதத்தை. திரையில் கேள்வி முளைக்கிறது. அதன் முதலெழுத்துக்கு ஒளி வருமுன்பே, மற்ற ஒன்பது விரலுக்கும் தெரியாமல், உடையவருக்கே தெரியாமல், அந்தச் சுட்டுவிரல் ஒரு பல்லி பூச்சியைப் பிடிப்பதுபோல் எட்டி 'ஒய்'யைக் கவ்விவிட்டு வந்து தன் இடத்தில் அமர்கிறது. வட்டுக்கு ஒருமுறையாக எட்டுமுறை. கேள்வி வந்ததற்கும் தடயம் இல்லை, போனதற்கும் தடயம் இல்லை.

ஓ சுட்டுவிரலே! நோட்டில் ஏறாத வித்தகமே! கேளாக் கேள்விக்கு நினையா விடை பகர்ந்த மாயமே! இருமலைக்கூட எழுதிய மூன்று வாரத் தவசியின் இரு கண்களிலும் மண்ணைத் தூவியவனே! நூற்றெண்பது வரிப் படையை நீ இல்லாத ஒரு வரி கவிழ்த்தது!

"அப்ப ஆறு வருஷமா," என்றார் கைக்காரர் மெதுவாக, "படிக்காமலே ஆமான்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்."

"நானும் அப்படித்தான் கையெழுத்துப் போடறேன்," என்றார் மேலாளர். பிறகு, வாய்தவறி உண்மை சொன்னவர்கள் செய்வதுபோல், குரலைக் கடினமாக்கிக்கொண்டு, "லீவு ஃபாரம் மட்டும் படிச்சுதான் போடுவேன். மணி மூணு இருபது," என்றார்.

நோய் தெரிந்தபின் மருந்து ஒரு சொல். 'கேட்காதே, ஆம் என்றே கொள்' என்னும் பொருள்தரும் அந்த ஒற்றைச்சொல்லைச் சோம்பேறி நூற்றுப் பன்னிரண்டாம் வரியின் வாலில் சேர்த்தான். சேர்த்தவன் ஏவவில்லை. அந்தச் சொல்லோடு புறப்படும் ஸ்கிரிப்ட் எதைத் தொட்டாலும் அதன் எட்டு வட்டும் முந்தைய பிறவியை மறக்கும். 'நிச்சயமா' என்று கேட்க ஒரு நாதியும் இராது. அடித்தட்டில் அந்த வருகைப்பதிவு இயந்திரம், நானூறு பேரின் வந்த நேரம் போன நேரங்களைச் சுமந்துகொண்டு, அப்பாவியாய் உறுமிக்கொண்டிருந்தது. அவன் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, அதன் வலைக்கம்பியைப் பிடுங்கினான். ஏவவேண்டிய சர்வர்களின் வரிசையெண்களை ஒருமுறை வாசித்தான். கீழிருந்து மேலாக இன்னொருமுறை வாசித்தான். மேலாளர் ஒவ்வோர் எண்ணுக்கும் 'ம்' கொட்டினார்.

மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு இரண்டாம் படையெடுப்பு. பன்னிரண்டு நெற்றிகளில் மீண்டும் மஞ்சள். இம்முறை எவரும் நகத்தைப் பார்க்கவில்லை. கைக்காரர் தம் சுட்டுவிரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். தம் நான்கு நாள் வேலை மஞ்சளிலிருந்து பச்சையாகக் கரைவதைப் பார்க்க வந்தவர் அவர். ஆனால் முப்பத்து மூன்றாம் சர்வர் கொஞ்சம் தாமதித்தபோது, "வா, வா, வந்துரு," என்று அவர் வாயே முணுமுணுத்தது.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினொன்று பச்சை.

நாற்பதாம் சர்வர் சிவந்தது.

மஞ்சள் அன்று, சிவப்பு. சோம்பேறி சக்கர மேசையோடு மல்லாடி அங்கே போய்ச் சேர்ந்தபோது திரையில் கண்டது எந்த அந்நியன் எழுதியதும் அன்று. அவனே, சென்ற வாரம், தன் முன்னெச்சரிக்கையைத் தானே மெச்சிக்கொண்டு எழுதிய வரி: எட்டு வட்டுகள் தேவை, ஏழே உள்ளன, நிறுத்தப்பட்டது. அறுவரில் ஒருவன், பழைய போர்களில் தேய்ந்தவன், அணிவகுப்பு முரசு கேட்ட அதிர்ச்சியில் உயிர்விட்டிருந்தான். மாற்று வட்டு பண்டகசாலையில் இருந்தது. பண்டகசாலைக்காரர் மூன்று கையெழுத்து கேட்பார். மூன்றாம் கையெழுத்துக்கு உரியவர் செவ்வாய்க்கிழமை வருவார்.

"ஆறை அஞ்சா மாத்தி மறுபடி ஓட்டறேன்," என்றான் சோம்பேறி. வாய் சொல்லிற்று, மூளை கணக்கிட்டது. அணைத்து எழுப்பக் கால் மணி. நினைவகம் தடவி முடிந்து, அணிவகுத்து, அரசன் எழுந்தருள இன்னும் முப்பது நிமிடம். ஐந்தேகால். ஸ்கிரிப்ட் யோக்கியமானது, செய்வதையெல்லாம் முதலிலிருந்துதான் செய்யும். மேலாளரின் பேனா மூடி கழறாமல் இருந்தது.

ஆங்கே, அண்டங்கள் மூச்சடக்கி நின்ற அவ்வேளையில், நாயகன் தன் வாழ்நாளின் மிகக் கடினமான செயலைச் செய்தான். முப்பத்தொன்பது கோட்டைகளை விரல்படாமல் வென்றவன், ஒன்றரை மணிக்கு நாடறிய வஞ்சினம் உரைத்தவன், நாற்காலியைத் தானே இழுத்து, அதன் இருக்கையைச் சட்டைக்கையால் துடைத்து, நாற்பதாம் சர்வரின் முன்னே போட்டான்.

"அண்ணே. இதை மட்டும் கையால போட்டுக் குடுங்க."

கைக்காரர் எழவில்லை. "விரல் படக்கூடாதுன்ன?"

"சொன்னேன்."

"எல்லார் முன்னாடியும் சொன்ன."

"ஆமாண்ணே."

"என் மிக்ஸியைப் பத்தி நான் சொன்னதுக்குச் சிரிக்கவும் இல்ல."

"இப்ப சிரிக்கறேன்ணே," என்றான் சோம்பேறி. முயன்றான். வரவில்லை.

அவர் எழுந்து வந்தார். ஸ்கிரிப்ட் உயிர்விட்ட இடத்தில் வெறும் கட்டளைத்திரை ஒன்று மிஞ்சியிருந்தது. அணைக்காமல் கொள்ளாமல் அங்கிருந்தே பிடித்துக்கொண்டார். ஏழை எட்டாக்க அவரிடமும் மந்திரம் இல்லை. இரட்டையரை இரட்டையராக நிறுத்தினார். அறுவர் நிற்க வேண்டிய வியூகத்தில் ஐவரை நிறுத்தி, மாண்டவன் இடத்தைச் சுருக்கிக்கொண்டார். இரண்டு கேள்விகளுக்கு அவர் சுட்டுவிரல் தானே ஓடிப்போய் விடை சொல்ல முனைய, அவர் அதை அந்தரத்தில் நிறுத்தி, திரையில் இருந்ததைத் தொடக்கம் முதல் முடிவு வரை உதடசைத்துப் படித்துவிட்டு, பிறகு அமுக்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் அரை நிமிடம் போயிற்று. சோம்பேறிக்கு ஒவ்வொரு அரை நிமிடமும் ஒவ்வோர் ஊழி.

"அண்ணே, படிக்காமலே அமுக்குங்களேன்."

"சும்மா இருடா. ஆறு வருஷத்துக்கும் சேத்துப் படிக்கறேன்."

நாலு ஐம்பத்து மூன்றுக்கு நாற்பதாம் நெற்றியில் பச்சை.

மேலாளர் முதலடுக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விளக்கையும் பேனாவால் சுட்டி, உரக்க எண்ணினார். முப்பத்தொன்பது என்றதும் கொஞ்சம் நிறுத்தினார். நாற்பது என்றார். அதில் ஏழு வட்டுதானே என்று அவருக்குத் தெரியும். பச்சை என்றுதான் சொல்லியிருந்தார், எட்டு என்று சொல்லவில்லை. விண்ணப்பத்தை நாற்பதாம் சர்வரின் தலைமேல் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, கையெழுத்திட்டார். பிறகு அவர் சோம்பேறியைப் பார்த்துச் சொன்னது, அவ்வலுவலகத்தில் எவரும் எவருக்கும் சொல்லிக் கேட்டிராதது: "போனை அணைச்சு வெச்சுக்குங்க."

கைக்காரர் கையை நீட்டினார். விடுப்பில் போகிறவர்கள் சர்வர் அறையின் கதவைத் திறக்கும் அட்டையை இருப்பவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது விதி. மூன்றாண்டாக விடுப்பே எடுக்காதவனுக்கு மறந்திருந்தது.

"கார்டைக் குடுத்துட்டுப் போ. கையில இருந்தா நாளைக்கே திரும்பி வருவ. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"அந்த வருகைப்பதிவு வயரைத் திரும்ப மாட்டணும்ணே."

"மாட்டறேன்."

"நாப்பதுல செத்த வட்டு..."

"செவ்வாக்கிழமை. போடா. அதுவரைக்கும் ஸ்கிரிப்ட்டை நான் படிச்சுப் பாக்கறேன். நூத்தெம்பது வரில எத்தனை இருமல் இருக்குன்னு."

சோம்பேறி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தான். முன்னே நாற்பது பச்சை ஒளிகள் ஒரே தாளத்தில் துடிக்க, எண்பது மின்விசிறிகள் ஒரே சுருதியில் வெற்றிமுழக்கம் எழுப்ப, குளிரூட்டியின் கடுங்காற்று விண்ணப்பத்தைக் கொடியெனப் படபடக்கச் செய்ய, இருபுறமும் இரும்படுக்குகள் வென்று மீளும் வேந்தனுக்கு வழிவிடும் குலமலைகளென நிமிர்ந்து நிற்க, திசையானைகள் எட்டும் துதிக்கை உயர்த்தினவோ என ஐயுறும்வண்ணம் கூரைக் குழாய்கள் பிளிற, மூன்றாண்டுத் தவம் முற்றி வரம் கைவந்த அப்பெருவீரன், நாற்பதின் தளபதி, அறுவரை ஐவராக்கியும் அரசு நிலைநாட்டியவன், வரலாறு தன் முதுகில் கண்பதித்திருப்பதை உணர்ந்தவனாய், ஓரடி, ஈரடி, மூவடி எடுத்துவைத்து, திரும்பிப் பாராது, கைப்பிடியைத் திருகி வெளியேறினான்.

கதவு பின்னால் சாத்திப் பூட்டிக்கொண்டது.